கொண்டு போனது யார்?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், ரப்பர் முத்திரை, வருகிறவர்கள் இருக்க மூன்று கதிரை. கரையோர ரயில் போகும்போது மேசை லேசாக அதிரும். இருபத்தாறு வருடமாக நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி என்று தமிழிலும் சிங்களத்திலும் வருவதை ஆங்கிலமாக்கி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுப்பதுதான் என் வேலை.

பாதிக்கு மேல் சாதாரணக் காரியங்கள்தான். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளை, கனடாவில் மாப்பிள்ளை எடுத்த பெண், காணி உறுதி. மிச்சம் 'கேஸ்'. அசூல் கேஸ். ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் புகலிடம் கேட்பதை அசூல் என்றுதான் சொல்வார்கள். எண்பதுகளில் ஜெர்மனிக்கும் சுவிசுக்கும் போனவர்கள் அங்கே பிடித்த சொல். இங்கே இருக்கிற தாய்மாருக்கும் அது பழகிப் போய்விட்டது. "பெடியன் அசூல் அடிச்சிருக்கிறான், பேப்பர் கேக்கிறாங்கள் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு பொலித்தீன் பையை மேசையில் வைப்பார்கள்.

2011இல் அப்படி ஒரு அம்மா வந்தார். வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவ இடம் கேட்டு, கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூத்த மகன் 2008இல் இல்லாமல் போனவன். இளையவன் ஏஜென்சிக்காரன் மூலம் ஒரு ஐரோப்பிய நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அவனுடைய கேஸுக்காக அந்த அம்மா தன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார், கொப்பித்தாளில் இரண்டு பக்கம். அதில் ஒரு வரி: "என்ட மூத்தவனை வீட்டில வைச்சுக் கொண்டு போட்டினம்."

கொண்டு போனது யார் என்று அந்த வரியில் இல்லை. தமிழில் அது தேவையுமில்லை. அந்தக் காலத்தில் வெள்ளை வான் வண்டியில் வந்து ஆட்களைக் கொண்டு போனவர்களை யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. "கொண்டு போட்டினம்" என்றால் கேட்கிறவருக்கு விளங்கும். சொல்கிறவருக்கும் அதற்கு மேல் தெரியாது, தெரிந்தாலும் எழுத்தில் வைக்கப் பயம். ஆனால் ஆங்கிலம் அப்படி விடாது. கைதா, கடத்தலா, கூட்டிப் போனதா, ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். சீருடையில் வந்தவர்களா என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, ரெண்டு பேர் போட்டிருந்தவை" என்றார். நான் 'அரெஸ்ட்' என்று தட்டினேன். ஐந்து மணிக்கு முன்னால் அவருக்குப் பேப்பர் வேண்டும், வெளியே இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

அடுத்த வருடம் அதே அம்மா ஒரு போட்டோக்கொப்பியோடு வந்தார். மகனுக்கு ரிஜெக்ட். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னார். வாசித்தேன். மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் மூன்றாவது: விசாரணையில் விண்ணப்பதாரர் தன் சகோதரன் கடத்தப்பட்டதாகச் சொல்கிறார், தாயின் கடிதமோ அவர் கைது செய்யப்பட்டதாகச் சொல்கிறது, இரண்டும் முரண்படுகின்றன, ஆகவே நம்பகத்தன்மை இல்லை.

தாயும் மகனும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள். அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைக் கடத்தல் என்று எடுத்தார், இங்கே நான் கைது என்று எடுத்தேன். அவ்வளவுதான் முரண்பாடு.

அந்த அம்மாவுக்கு நான் அதைச் சொன்னேன். என் சொல்லால்தான் இந்தக் காரணம் வந்தது என்று சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை, அவங்கள் திருப்பி ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே" என்றார். மகனின் லோயருக்கு அந்தத் தமிழ் வினைச்சொல்லைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பினேன். மேன்முறையீடு மூன்று வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் அவனுக்கு விசா கிடைத்தது. ஆனால் அம்மா அதற்கு முன்னமே போய்விட்டார். அவருடைய மரணச் சான்றிதழை மொழிபெயர்த்ததும் நான்தான்.

"திருப்பி ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே." அகதிகள் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் எனக்கு முதலில் காதில் விழுவது இந்த வரி. டிவியில் தலைவர்கள் பேசும்போது எண்ணிக்கை பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை படகு, எத்தனை பேர், எத்தனை கோடி செலவு. ஒரு மனிதனை எப்படி உட்கார வைத்து, எத்தனை மணி நேரம், எந்த மொழியில் கேட்பது என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை. என் மேசையில் இருந்து பார்த்தால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நேரம், நல்ல மொழிபெயர்ப்பாளர், ஒரு லோயர், மறுத்தால் மேலே போய் முறையிட ஒரு வழி. இந்த நான்கும் இருந்தால் அந்த அம்மா மகனைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை 2014இல் பார்த்தோம். அவுஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்த 41 பேரை, அவர்களில் 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர், கப்பலில் வைத்தே வீடியோத் தொடர்பில் சுருக்கமாக விசாரித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் இலங்கைக் கடற்படையிடம் கைமாற்றியது. கரையில் கால் வைக்காமலே அவர்களுடைய கேஸ் முடிந்தது. எந்த மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கம் இருந்தார், அவர் எந்தச் சொல்லை எடுத்தார் என்று நான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

திகதி இன்னொரு பெரிய பிரச்சினை. எங்கள் சனம் திகதியை ஞாபகம் வைப்பதில்லை. நல்லூர்த் தேர் முடிஞ்ச மறு கிழமை, பிள்ளை ஓ.எல். சோதினை எழுதின வருசம் என்றுதான் சொல்வார்கள். வன்னியால் வந்தவர்கள் என்றால் இடம்தான் காலம். விசுவமடுவில இருக்கேக்க, சுதந்திரபுரத்தில இருக்கேக்க, வலைஞர்மடத்தில இருக்கேக்க. இறுதிப் போர் நடந்த 2009 தை மாதத்திலிருந்து வைகாசி வரை எந்த வாரம் எங்கே நின்றார்கள் என்று அந்த இடப்பெயர்களை வைத்து நான் ஓரளவுக்குக் கணக்குப் பிடிப்பேன். ஐரோப்பாவில் ஒரு விசாரணை அறையில் இருக்கிற இளம் அதிகாரிக்கு வலைஞர்மடம் வெறும் வாயில் நுழையாத ஒரு பெயர். முதல் விசாரணையில் மார்ச் என்றான், இரண்டாவதில் ஏப்ரல் என்றான் என்று எழுதிவிடுவார். அதை ஒரு கேள்வியில் தீர்க்கலாம்.

என் சொந்தத் தம்பியும் 1990இல் சுவிசுக்குப் போய் அசூல் அடித்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுப்பான். 2022க்குப் பிறகு எங்களுக்குள் இந்த விஷயத்தில் வாக்குவாதம் வராத மாதம் குறைவு. அந்த வருடம் இங்கே பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை. தலைமன்னார் பக்கத்தால் குடும்பம் குடும்பமாக ராமேஸ்வரத்துக்குப் போனார்கள். நவம்பரில் 303 இலங்கையர் போன ஒரு கப்பல் தென் சீனக் கடலில் மூழ்கப் பார்த்தது, ஜப்பான் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. தம்பி சொன்னான், "அக்கா, இப்ப வாறவையெல்லாம் காசுக்கு வாறவை. எங்களைப் போலயே? நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள்."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் உயிருக்குப் பயந்துதான் போனான், நான்தான் அவனைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டேன். ஆனால் அவன் போய் இறங்கிய காலத்தில் அங்கே பத்திரிகைகளில் தமிழரைப் பற்றியும் அதைத்தான் எழுதினார்கள், வேலைக்கு வந்தவர்கள் என்று. அவனே எனக்கு நீலக் கடதாசியில் அதை எழுதி அழுதிருக்கிறான். அந்தக் கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, ஆர் உயிருக்கு வந்தது, ஆர் காசுக்கு வந்தது எண்டு கேக்காமல் எப்பிடித் தெரியும்?" 2013இல் அவன் இருக்கிற அந்தச் சுவிசே இரண்டு தமிழர்களைப் பிரச்சினை இல்லை என்று திருப்பி அனுப்பியது. அவர்கள் இங்கே இறங்கியவுடன் தடுத்து வைக்கப்பட்டார்கள். பிறகு சுவிஸ் தமிழரைத் திருப்பி அனுப்புவதை நிறுத்திவைத்து, தன் விசாரணைகளை வெளியாரைக் கொண்டு பரிசோதித்து, அடுத்த வருடம் பிழை நடந்தது என்று ஒப்புக்கொண்டது. ஒரு அரசு அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. எனக்கு அதில் மரியாதை இருக்கிறது. தம்பி அதற்குப் பதில் சொல்லவில்லை, "அக்கா, சாப்பிட்டிட்டியளே" என்று பேச்சை மாற்றினான்.

எல்லோரையும் விசாரணை இல்லாமல் உள்ளே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொய்க் கேஸ் இருக்கிறது. எனக்குத் தெரியும், என்னிடமே போலிக் கடிதம் கொண்டுவந்திருக்கிறார்கள், முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் பொய்க்காரனைப் பிடிக்கவும் பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும். அவசரமாகக் கேட்டால் நன்றாகப் பாடமாக்கி வந்தவன் தப்பிவிடுவான். உண்மையில் அடிபட்டவன்தான் தடுமாறுவான்.

சரி, வெளிநாட்டைப் பற்றிப் பேசியது போதும். எனக்கு உண்மையில் எழுத வேண்டியிருந்தது இங்கே நடப்பதைப் பற்றி.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரையில் மியன்மாரின் ரோஹிங்யா மக்களுடைய படகு ஒன்று வந்து ஒதுங்கியது. நூறு பேருக்கு மேல், அதில் நிறையக் குழந்தைகள். முதலில் கண்டவர்கள் எங்கள் மீனவர்கள். நான் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் டிவியில் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. 2009இல் சனம் கடலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் நின்ற அதே கரை. அந்த மணலில் இருந்து வந்த எத்தனையோ பேருடைய கடிதத்தை நான் ஆங்கிலமாக்கியிருக்கிறேன். இப்போது அங்கே வேறு தேசத்துத் தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர்கள் பேசுவது அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

எனக்கு 1986 ஞாபகம் வந்தது. அந்த ஓகஸ்ட் மாதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் பனிப்புகாருக்குள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கண்டெடுத்ததும் ஒரு மீனவர்தான். அந்த நாட்டில் அப்போதும் எதிர்ப்பு இருந்தது, அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று முதலில் பொய் சொன்னார்கள் என்பதும் தெரிய வந்தது. ஆனாலும் அனுப்பவில்லை, இருக்க விட்டார்கள். இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் சொந்தங்களின் கதை அந்த மாதிரிப் படகுகளில் இருந்துதான் தொடங்குகிறது.

முள்ளிவாய்க்காலில் வந்தவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு முல்லைத்தீவில் விமானப்படை முகாமில் வைத்தார்கள். ஆட்கடத்தல் என்றார்கள், திருப்பி அனுப்புவது பற்றிப் பேச்சு வந்தது. மியன்மாருக்கா? 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த மக்களைக் குடிமக்களே இல்லையென்று ஆக்கிய நாடு அது. 1948இல் இங்கே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது எங்களுக்குத் தெரியாததா? 1964 உடன்படிக்கையில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்த நாடுகள் இலங்கையும் இந்தியாவும்.

2025 ஜனவரியில் முல்லைத்தீவிலும் கொழும்பிலும் அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று போராட்டம் நடந்தது. கொழும்பில் நடந்ததற்கு நானும் போனேன். இந்த வயதில் வெயிலில் பதாகை பிடித்து நின்றது அதுதான் முதல் தடவை. முதல் நாள் இரவு ஒரு பிள்ளை என்னிடம் பதாகைக்கு வசனம் மூன்று மொழியிலும் எழுதித் தரக் கேட்டிருந்தாள். சிங்களத்தில் எழுதும்போதுதான் நீண்ட நேரம் யோசித்தேன். படிக்கிறவர் கோபப்படாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 'அவர்களைக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த நாட்டில் அப்படிக் கேட்பதற்கு ஒரு சட்டமே கிடையாது. பலருக்கு இது தெரியாது. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. புகலிடம் கேட்டு வருபவருக்கென்று இங்கே ஒரு விண்ணப்பப் படிவம் கூட இல்லை. அவருக்குக் குடிவரவுச் சட்டம் மட்டும்தான், அதன் கண்ணில் அவர் விசா இல்லாத ஆள். ஐ.நா. அகதிகள் முகவரகத்தோடு 2005இல் செய்த ஒரு புரிந்துணர்வை வைத்துத்தான் இத்தனை வருடம் காரியம் ஓடியது. அகதி என்று ஐ.நா. ஏற்றுக்கொண்டவரும் இங்கே சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகள் அரச பாடசாலைக்குப் போக வழியில்லை. மூன்றாவது நாடொன்று கூப்பிடும் வரை வருடக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாடுகளும் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. பிரித்தானியா 2025 செப்டெம்பரில் அகதிகளின் குடும்ப இணைவுக்கான புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால்தான் மட்டக்களப்பிலிருந்து ஒரு இளம் தாய் விவாகப் பதிவும் இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்த்துக்கொண்டு போயிருந்தார். போனில் கேட்டார், "மேடம், அந்தப் பேப்பர் பழுதாகிப் போயிடுமா?" இல்லை, பேப்பருக்குக் காலம் முடியாது என்று சொன்னேன்.

எங்கள் நாடே வறுமையில் கிடக்கிறது, எங்கள் சனத்துக்கே வழியில்லை, இதில் வந்தவர்களுக்கும் போட வேண்டுமா என்று என் பக்கத்து வீட்டு அங்கிள் கேட்கிறார். அவர் நல்ல மனிதர், 83 இனக்கலவரத்தில் எல்லாம் இழந்தவர். அந்த ஜூலையில் நான் பன்னிரண்டு வயசுப் பிள்ளை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் முகாம். அங்கிருந்து லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். முகாமில் எங்களுக்குச் சோறு யார் தந்தார்கள், அவர்களிடம் எவ்வளவு இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் அங்கிளிடம் சொல்வது, இங்கே புகலிடம் கேட்டு இருப்பவர்கள் சில நூறு பேர்தான். அவர்களை வேலை செய்ய விட்டால் அவர்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள்தான் கையைக் கட்டிவைத்துவிட்டு, சும்மா இருக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம்.

பயமும் ஒரு காரணம், அதையும் நான் கண்டேன். 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஒரு வீட்டில் வைத்திருந்த 31 ரோஹிங்யா அகதிகளைப் பிக்குமார் முன்னுக்கு வந்த ஒரு கும்பல் சுற்றி வளைத்தது. அதில் பதினாறு பதினேழு பேர் குழந்தைகள். இந்த அறையிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் சில தரிப்புத் தூரம். அன்று நான் வழக்கம் போல வேலை செய்துகொண்டிருந்தேன், இரவுதான் தெரிய வந்தது. கடைசியில் பாதுகாப்புக்கு என்று அந்தக் குழந்தைகளைப் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளை வீட்டுக்காரர்கள் வெளியேற்றினார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் போய்ப் படுத்தார்கள். தங்கள் நாட்டில் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள் அவர்களில் பலர்.

தமிழர் எங்களுக்கு இந்தக் கொழும்பிலேயே அது நடந்திருக்கிறது. 2007 ஜூன் 7, விடியற்காலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்கு நின்றவர்கள். என்னிடம் பேப்பர் தந்துவிட்டுப் போன மூன்று பேர் அதில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது, ஏன் வந்தாய், என்ன காரணம், எப்போது போவாய். சொந்த நாட்டின் தலைநகரத்தில். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது, நிறையப் பேரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். என் மூன்று பேரில் ஒருவர் திரும்பவில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழ் என் லாச்சியில் நான்கு வருடம் இருந்தது.

நீதிமன்றம் ஒன்று குறுக்கே நின்றதால்தான் அன்று பஸ் திரும்பியது. எனக்கு வேண்டியது அதுதான். முல்லைத்தீவில் அடைக்கப்பட்ட அந்த ரோஹிங்யாத் தாய்க்கும் போய் நிற்க ஒரு இடம் வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும். சித்திரவதைக்கு எதிரான சாசனத்தை இலங்கை 1994இல் ஏற்றது, அதற்கு உள்நாட்டுச் சட்டமும் அதே வருடம் வந்தது. ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை அந்தச் சாசனத்திலேயே எங்களுக்கு இருக்கிறது. அதன் மேல் ஒரு விசாரணை முறை, ஒரு மேன்முறையீடு, வேலை செய்ய அனுமதி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அவர்களுடைய மொழி தெரிந்த ஒரு ஆள். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும். தமிழ் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டும். லண்டனிலும் மெல்பேர்னிலும் எங்கள் பிள்ளைகளுக்காக அந்த நாட்டு மக்கள் தெருவில் நின்றிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் பிலோயிலா என்ற சின்ன ஊர், ஒரே ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக நான்கு வருடத்துக்கு மேல் போராடி 2022இல் அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தது.

2012க்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. கேஸ் பேப்பர் என்றால் அன்றைக்கே கொடுப்பதில்லை. இரண்டு பொருள் தரக்கூடிய வினைச்சொல் வந்தால் கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டு, மூலத்தில் செய்தவர் யார் என்று சொல்லப்படவில்லை, இந்தச் சொல்லுக்கு இன்ன இன்ன பொருள் உண்டு என்று எழுதுகிறேன். ஒரு பக்கம் இரண்டு பக்கமாகிறது. அதற்குக் காசு எடுப்பதில்லை.

போன கிழமை மன்னாரிலிருந்து ஒருத்தி வந்தாள். அண்ணனுக்காக. கிராம சேவகர் கடிதத்தில் நாலாவது வரியில் அதே சொல், 'கொண்டு செல்லப்பட்டார்.' கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டு, "ஆர் தங்கச்சி கொண்டு போனது?" என்று கேட்டேன். அவள் உடனே சொல்லவில்லை. மருதானைப் பக்கம் போகிற ரயில் ஒன்று போனது. வெளியே இரண்டு பேர் நின்றார்கள், கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன்.